கியர் போடுவதற்கு முன்

பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அமத்துவார். டாஷ்போட்டில் பச்சை எழுத்தில் 'ரெடி' என்று வரும். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கியரைப் போட்டு வெளிக்கிட்டுவிடுவார்கள். எங்கள் ட்ரைவர் வெளிக்கிட மாட்டார். தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, இடது கையைக் கியர்த் தடியின்மேல் வைத்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு இருப்பார்.

"எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்பார். காரில் நான் மட்டும்தான் இருப்பேன்.

"நான் ஒருத்திதானே அண்ணை. இன்னும் எத்தினை தரம் ஏறுறது?"

அவர் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ஒருதரம், பக்கக் கண்ணாடியில் ஒருதரம் பார்ப்பார். பிறகும் காத்திருப்பார். வெளியே யாரோ எதையோ சொல்லி முடித்ததுபோல ஒரு தலையாட்டல் வரும். அதன் பிறகுதான் கியர். சில நேரம் அரை நிமிடம், சில இடங்களில் ஒரு நிமிடத்துக்கு மேல். மன்னார் வெயிலில் மூடிக்கிடந்த காருக்குள் ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஏசியும் போட விடமாட்டார். ஏசி போட்டால் பற்றரி இறங்கும், பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கிச் சத்தம் போடும் என்பது அவருடைய நியாயம். "வெளிக்கிட்டாப் பிறகு போடுவம் மிஸ்" என்பார். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. நான் மன்னார்த் தீவுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிது, எல்லாவற்றுக்கும் அவசரம். அவரோ பெருநிலத்தில் அடம்பன் பக்கத்து வயல்காரர். நான் ஒன்றைச் சொன்னால், "மெல்லக் கதையுங்கோ மிஸ், எனக்குக் கேக்கும்" என்பார். இப்படி ஒருவரோடு இரண்டு வருடம் ஒரே காரில் திரிந்தேன் என்றால் என் அம்மாவே நம்பமாட்டா.

அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் அடம்பன் பக்கத்தில் அரைவாசிச் சனத்துக்கு ஆளைத் தெரிந்துவிடும். நாங்கள் வேலை செய்த கந்தோரில் அவர் எல்லோருக்கும் 'அண்ணை'தான். அப்படியே இருக்கட்டும்.

அப்போது நான் மீளக்குடியேறிய சனத்துக்கு வீடு கட்ட உதவுகிற ஒரு நிறுவனத்தில் வெளிக்கள வேலை செய்தேன். அத்திவாரம் வெட்டியாச்சா, சுவர் எழும்பியாச்சா, கூரை போட்டாச்சா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வடக்கே வெள்ளாங்குளம், தெற்கே மறிச்சுக்கட்டி. பாதி ரோட்டுக்குத் தார் இல்லை. மழை பெய்தால் டிரக்டரே புதையும். இந்த ரோட்டுகளுக்கு எங்கள் தலைமைக் கந்தோர் அனுப்பிவைத்தது என்ன தெரியுமா? கொழும்பில் ஒரு பெரியவர் பாவித்து முடித்த, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. "பெற்றோல் மிச்சம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து அதை ஓட்டிவந்த ட்ரைவர் கந்தோர் முற்றத்தில் எங்களுக்குச் செய்துகாட்டினார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினார். எங்கள் ட்ரைவர்மார் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் வரேல்லையே" என்றார் ஒருவர்.

"வந்திட்டுது" என்றார் கொழும்பு ட்ரைவர் தனக்குத் தெரிந்த தமிழில். பச்சை எழுத்தைக் காட்டினார். கியர்த் தடியைக் காட்டினார். அது விளையாட்டுச் சாமான் மாதிரிக் குட்டியாக இருந்தது. தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். எந்தக் கியரில் நிற்கிறது என்று தடியைப் பார்த்து அறிய முடியாது, டாஷ்போட்டில் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கிளச் இல்லை. நிறுத்திவைக்கத் தனியாக ஒரு 'பி' பொத்தான். எங்கள் ஆட்களின் முகம் சுருங்கிப்போனது. ஓட்டுகிறவனுக்கே தெரியாமல் ஓடுகிற வாகனம் எங்களுக்கு வேண்டாம் என்று பகிடி பண்ணினார்கள்.

அண்ணை மட்டும் சாரதி ஆசனத்தில் போய் இருந்தார். தானே பொத்தானை அமத்தினார். அசையாமல் இருந்தார். குசினிப் பக்கம் ஒரு பொம்பிளை கோப்பை கழுவுகிற சத்தம். மதிலில் ஒரு காகம். ரோட்டில் சைக்கிள் ஒன்று செயின் கறகறக்கப் போனது. அவர் கதவைத் திறந்து இறங்கி, நேரே பொறுப்பாளரின் அறைக்குப் போனார்.

"இந்தக் காரை எனக்குத் தாங்கோ" என்றார்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்தக் கந்தோரில் யாரிடமும் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஏன் என்று பொறுப்பாளர் கேட்டதற்கு, "ஸ்டார்ட்டில நிக்கேக்கயும் வெளியில எல்லாம் கேக்குது சேர்" என்றாராம். பொறுப்பாளர் இதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காரை அவரைத் தவிர வேறு யாருக்கும் ஓட்ட வரவில்லை என்பதும் உண்மை. அவர் காய்ச்சலில் படுத்த ஒரு கிழமை இன்னொரு ட்ரைவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் திரும்பி வெளிக்கிட ஆயத்தமானோம். மனிதர் பொத்தானை அமத்தினார். சத்தமில்லை. ஸ்டார்ட் வரவில்லை என்று நினைத்துத் திரும்ப அமத்தினார், கார் அணைந்துபோனது. மூன்றாம் தரம் அமத்த ஸ்டார்ட் வந்தது, நாலாம் தரம் அணைந்தது. இப்படியே பத்து நிமிடம். கடைசியில் கந்தோருக்குப் போன் எடுத்து "கார் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டார். போன் அண்ணைக்குப் போனது. படுத்த பாயில் இருந்தபடியே அவர் கேட்டாராம், "பச்சை எழுத்து நிக்குதோ? நிண்டால் அது உயிரோடதான் நிக்குது. ஆக்களைப் பாத்து மெல்ல எடும். சத்தம் இல்லாததால சனம் விலகாது."

சனம் விலகாததும் உண்மைதான். அடம்பன் சந்தைக்குள் போனால் மாடுகள் நடுரோட்டில் அசைபோட்டபடி நிற்கும். மற்ற வாகனங்களின் இரைச்சலுக்கு ஒதுங்குகிற மாடுகள் எங்கள் காரை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அண்ணை கோர்ண் அடிக்க மாட்டார். 'பி' பொத்தானை அமத்தி, இறங்கிப் போய், மாட்டின் முதுகில் தட்டி ஓரமாக்கிவிட்டு வந்து ஏறுவார். ஏறினால் பிறகும் அதே கதைதான். கண்ணாடியைப் பார்ப்பார், தலையைச் சாய்ப்பார், காத்திருப்பார். ஒரே சந்தைக்குள் மூன்று மாட்டுக்கு மூன்று தரம். நான் ஒருநாள், "அண்ணை, மாடும் ஏறவேணும் எண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஒரு தரம் நான் பிழை விட்டேன். மறிச்சுக்கட்டிப் பக்கம் போய்விட்டு வருகிறோம். காட்டை வெட்டிச் சனம் கொட்டில் போட்டிருந்த இடம். எனக்குத் தலையிடி. எழுத வேண்டியதை எழுதி முடித்துக் காரில் ஏறினால், அவர் பொத்தானை அமத்திவிட்டு இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார். சுற்றிவரப் பாலை மரங்கள். ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அவர் கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் கிடந்த வெறும் செம்மண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது. அந்த நேரம் காரின் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கியது. பற்றரி இறங்கியிருக்க வேண்டும். சும்மா நிற்கிற கார் திடீரென்று நடுங்கி இரைந்தது. அவருடைய தோள் இரண்டும் துள்ளி எழும்பின.

எனக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி, தடியைப் பிடித்து ஓடுகிற கியரான 'டி'க்கு நானே தள்ளிவிட்டேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. 'பி'யை அமத்தினார். காரை அணைத்தார். இறங்கி, வந்த ரோட்டில் பின்பக்கமாக ஐம்பது அறுபது அடி நடந்துபோய் நின்றார். காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மிஸ், நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. கியரை மட்டும் நான்தான் போடவேணும். கியர் போடுற ஆள்தான் அதுக்குப் பிறகு வாற எல்லாத்துக்கும் பொறுப்பு. உங்களுக்கு அது வேண்டாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வரும்வரைக்கும் இருவரும் கதைக்கவில்லை. கோபத்தில் இல்லை, எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. இந்த மனிதர் யாரையோ ஏற்றிக்கொண்டு போவதற்காகக் காத்திருக்கிறார், அந்த ஆள் வந்து ஏறினால் நான் எங்கே இருப்பேன் என்று ஒரு விசர் யோசனை வந்தது.

அவருடைய மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா நல்ல மனுசி. அடம்பனில் அவர்கள் வீட்டுக்குப் போனால் பால் தேத்தண்ணி இல்லாமல் விடமாட்டா. ஆனால் அவர் ஓட்டுகிற எந்த வாகனத்திலும் ஏறமாட்டா. மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் விடிய எழும்பிப் பஸ்ஸுக்கு நிற்பா. பஸ் இல்லாவிட்டால் யாருடையவாவது சைக்கிள் கரியரில் இருந்து போவா. ஒருநாள் மழைக்குள் அவ நனைந்து நடந்துபோவதைக் கண்டு நான் காரை நிறுத்தச் சொன்னேன். அண்ணை நிறுத்தினார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்கள் போங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு நடந்தா. அவர் வற்புறுத்தவில்லை. அவ நடந்துபோய்க் கண்ணுக்கு மறையும்வரை காரை எடுக்கவும் இல்லை.

"அண்ணை, அக்காவோட ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டேன்.

"பிரச்சினை ஒண்டும் இல்லை மிஸ். அவ ஏறமாட்டா."

ஊர்ச் சனம் சொன்னது வேறு. போரின் கடைசி இடப்பெயர்வில் அவர் லொறி ஓட்டிக்கொண்டு போகும்போது மூத்த மகளைத் தவறவிட்டுவிட்டாராம், அக்கா அதை மன்னிக்கவில்லையாம். இது எனக்குத் தெரிந்தபிறகும் நான் அவரிடம் கேட்கவில்லை. வாயாடிக்கும் கேட்க முடியாத சில கேள்விகள் உண்டு.

கேட்காமலே அவர் சொன்னது வெள்ளாங்குளத்தில்.

அங்கே ஒரு வீட்டுக்குள் நான் அளந்துகொண்டிருந்தபோது கார்க் கதவு சரியாக மூடாமல் உள்விளக்கு எரிந்தபடி இருந்திருக்கிறது. அந்தக் காரில் இரண்டு பற்றரி. பெரியது ஓடுவதற்கு, சின்னது காரை எழுப்புவதற்கு. பெரியது நிறைந்திருந்தாலும் சின்னது இறங்கினால் கார் எழும்பாது. திரும்பி வந்து பொத்தானை அமத்தினால் பச்சை எழுத்து வரவில்லை.

வெள்ளாங்குளத்துச் சனத்துக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. போர்க்காலம் முழுக்கப் பற்றரி இல்லாத வாகனங்களைத் தள்ளித் தள்ளியே ஓடவைத்தவர்கள் அவர்கள். நாங்கள் கூப்பிடாமலே ஏழெட்டுப் பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். காரின் பின்பக்கம் கைவைத்து வரிசையாக நின்றார்கள். ஒரு பெட்டைப்பிள்ளையும், பதினைஞ்சு பதினாறு வயதிருக்கும், சிரித்துக்கொண்டு ஓடிவந்து அவர்களோடு நின்றாள்.

"ஏறி இருங்கோ அண்ணை, ரெண்டாம் கியரைப் போடுங்கோ, ஒரு மூச்சில எழுப்பிறம்" என்றார் ஒருவர்.

அண்ணை சாரதி ஆசனத்திலிருந்து இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். காருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய்ப் புகுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளாதேங்கோ. இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது. ஒருத்தரும் பின்னால நிக்கவேண்டாம்."

"சும்மா ஒருக்காத் தள்ளிப் பாப்பமே" என்றார்கள்.

"ஏலாது எண்டு சொல்லுறன். பிள்ளை, நீ அங்கால போ. போ அங்கால."

அந்தப் பெட்டை முகம் வாடிப் பின்வாங்கினாள். சனம் ஒன்றும் விளங்காமல் கலைந்துபோனது. டிரக்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் பற்றரியில் வயர் கொடுத்துக் காரை எழுப்ப வேண்டும், டிரக்டர் வயலிலிருந்து வர ஒரு மணித்தியாலம் என்றார்கள். ரோட்டோரத்து வேப்பமரத்துக்குக் கீழே இருந்தோம். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். குடித்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்த ரோட்டிலதான் மிஸ். இன்னும் ஒரு மைல்கட்டை அங்கால."

அவர் அப்போது ஓட்டியது ஒரு சின்ன லொறி. பற்றரி இல்லை, கிளச்சும் பழுது, போர்த் தடையால் மாற்றச் சாமான் உள்ளே வராது. கிளச் வேலை செய்யாத வாகனத்தில் கியரை முதலே போட்டுவிட்டு, சனம் பின்னால் தள்ள வேண்டும். எஞ்சின் பிடித்தவுடன் லொறி ஓடத் தொடங்கும். தள்ளியவர்கள் ஓடிவந்து தொற்றி ஏற வேண்டும். இடையில் நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடும். பிறகு எல்லோரும் இறங்கி முதலில் இருந்து தள்ள வேண்டும். அன்றைக்குச் செல் குண்டு கிட்ட விழத் தொடங்கியபோது லொறி எழும்பவில்லை. இரண்டு தரம் தள்ளியும் பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் பிடித்தது. தள்ளியவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி. எல்லோரும் ஏறினார்கள். அவளால் ஏற முடியவில்லை.

"கூப்பிட்டவளாம். எஞ்சின் சத்தத்தில எனக்குக் கேக்கேல்லை மிஸ். சனத்தை இறக்கிப்போட்டு ஓடிவந்து பாத்தனான். ரோட்டில ஒருத்தரும் இல்லை. செருப்புக்கூட இல்லை."

நான் அழுதேன். அவர் அழவில்லை. டிரக்டர் வந்தது, வயர் கொடுத்தார்கள், பச்சை எழுத்து வந்தது. அன்றைக்கு அவர் காத்திருந்தபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எதற்காகக் காது கொடுக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அதன் பிறகு நான் பகிடி விடுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருடம், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கும் குழு ஒன்று மன்னாரில் அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரிக்கு வருவதாக அறிவித்தார்கள். முதலில் பெயரைப் பதிய வேண்டும், பிறகு நேரில் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அண்ணையும் அக்காவும் என்னைக் கூப்பிட்டு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார்கள். கந்தோரில் படிவம் நிரப்புவதில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர். அவர்கள் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதினேன். பிள்ளையின் பெயர், வயது பதினாறு, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு. உடுப்பின் நிறத்தை அக்கா சொன்னா. 'காணாமற்போன சந்தர்ப்பத்தை விபரிக்கவும்' என்ற இடம் வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததை நானே எழுதினேன். 'மகள் கூப்பிட்டது வாகனத்தின் சத்தத்தில் பெற்றோருக்குக் கேட்கவில்லை.' வாசித்துக் காட்டினேன். இருவரும் பேசாமல் கையெழுத்து வைத்தார்கள். பிரதி ஒன்றையும் எழுதி என் பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்குக் குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்குக் கச்சேரியில் நிற்க வேண்டும். எனக்கும் மன்னாரில் கூட்டம் இருந்தது. அண்ணை என்னை அடம்பன் கந்தோரில் ஏற்றிக்கொண்டு, அக்கா பஸ்ஸில் முந்தியே போயிருப்பா என்றார். ஆனால் பஸ் வரவில்லை. அவர்கள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டும்போது அக்கா சாறி உடுத்து, மகளின் படம் இருந்த உறையை நெஞ்சோடு பிடித்தபடி பஸ் தரிப்பிடத்தில் நின்றா. மணி எட்டு தாண்டிவிட்டது.

அவர் காரை நிறுத்தி அணைத்தார். நான் இறங்கிப் போய், "அக்கா, இண்டைக்கு மட்டும் வாங்கோ. பிந்தினால் பேரைக் கூப்பிட்டு முடிச்சிடுவினம்" என்றேன். அவ நெடுநேரம் காரைப் பார்த்தா. பிறகு வந்து பின் ஆசனத்தில் ஏறினா. கதவை நான் மூடினேன்.

அண்ணை பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினார். பச்சை எழுத்து வந்தது. கண்ணாடியை இறக்கினார். கை தடிக்குப் போனது. தரிப்பிடத்துக்குப் பின்னால் வயலில் காற்று போகிறது கேட்டது. அக்காவின் கையில் உறை சரசரத்தது கேட்டது.

"என்ன, பழுதோ?" என்று கேட்டா அக்கா.

"இல்லை. ஸ்டார்ட்டிலதான் நிக்குது."

"ஒரு சத்தமும் இல்லையே."

"ஓம். இதில சத்தம் வராது."

ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் கியரைப் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், அந்தக் கடுதாசியில ஒண்டு பிழை."

"எது அண்ணை?"

"கேக்கேல்லை எண்டு எழுதின இடம். இண்டைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லவேணும். எனக்கு அதைச் சொல்ல ஏலாது. எனக்குக் கேட்டது. 'அப்பா நில்லுங்கோ' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவள். லொறி ஒரு பக்கம் கத்துது, செல் ஒரு பக்கம் விழுகுது, அதுக்குள்ளாலயும் கேட்டது. என்ர பிள்ளையின்ர குரல் எனக்குத் தெரியாதோ."

நான் பின்னால் திரும்பவில்லை. திரும்பத் துணிவு வரவில்லை.

"பிரேக்கில கால் வைச்சனான். அமத்தினால் எஞ்சின் நிண்டிடும். மேல முப்பது சனம். எனக்கு முடிவெடுக்கேலாமல் போச்சு மிஸ். லொறியில பின்பக்கம் நிக்கிற சனத்துக்கு நிப்பாட்டவேணும் எண்டால் கபின் தகரத்தில தட்டுவினம். தட்டினால் ட்ரைவர் நிப்பாட்டத்தான் வேணும். எந்த லொறியிலயும் அதுதான் வழக்கம். ஆராவது ஒரு தட்டுத் தட்டட்டும், உடனை நிப்பாட்டுறன் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் தட்டேல்லை. பிறகு அவளின்ர குரலும் இல்லை."

இவ்வளவு காலமும் அவர் காத்திருந்தது மகளின் குரலுக்கு என்று நினைத்திருந்தேன். அது ஒரு தட்டுக்காகவும் இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் காரிலிருந்து இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. அவருக்காகப் பரிதாபப்பட்டேன், பின்னால் இருக்கிற தாயை நினைத்து நடுங்கினேன். இப்போது அவ கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவா, இனி அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாக இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"கபினோட ஒட்டி இருந்தது நான்" என்றா அக்கா.

குரல் மிக மெல்லியது. வேறு எந்த வாகனத்திலும் அது முன் ஆசனத்துக்குக் கேட்டிருக்காது.

"தகரம் என்ர முதுகில முட்டிக்கொண்டு இருந்தது. எங்கட சின்ன மகன் மடியில. எனக்கும் கேட்டது. பக்கத்தில நிண்ட மனுசன் தட்டக் கையைத் தூக்கினவர். நான்தான் அந்தக் கையைப் பிடிச்சனான்." உறையை மடியில் வைத்தா. "கண்ணாடியில உங்கட முகத்தைப் பின்னால இருந்து பாத்துக்கொண்டு வர எனக்கு ஏலாது. அதுதான் ஏறேல்லை."

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. தடியின்மேல் இருந்த கை அப்படியே இருந்தது.

"எழுதுங்கோ பிள்ளை" என்றா அக்கா. "இவருக்கு மட்டும் கேட்டது எண்டு எழுதாதேங்கோ."

பையைத் திறந்து, விசாரணையில் காட்டக் கொண்டுவந்த பிரதியை எடுத்தேன். 'கேட்கவில்லை' என்ற சொல்லை வெட்டினேன். கீழே இருந்த இடத்தில் புதிதாக எழுதினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன், அந்த மூன்று வரிக்கு எடுத்த நேரம் எதற்கும் எடுத்ததில்லை. இருவரும் பொறுத்திருந்தார்கள்.

"வாசியுங்கோ" என்றார் அவர்.

வாசித்தேன். "மகள் கூப்பிட்டது தகப்பனுக்குக் கேட்டது. தாய்க்கும் கேட்டது. வாகனம் நிறுத்தப்படவில்லை."

"ஓம்" என்றார் அண்ணை.

பின்னாலிருந்து அக்காவும் "ஓம்" என்றா.